வூட்டுக்காரரக் கேக்கணும்

கீரப்பாளையம் மெயின் ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதே இடத்தில் முன்பு ஜூஸ் கடை வைத்திருந்தேன். அதற்கும் முன்பு செல்போன் ரீசார்ஜ். மூன்று வியாபாரத்திலும் தாக்குப்பிடித்தது போர்டில் இருக்கிற என் போட்டோ மட்டும்தான். அதில் எனக்குத் தலைமுடி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓனர் தம்பி இல்லீங்களா?" என்று கேட்பார்கள். டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு அம்மா மட்டும்தான் வந்த முதல் நாளே கண்டுபிடித்தவர். "நீங்கதான சார் அது? மூக்கு அப்பிடியே இருக்கே" என்றார். என்னிடம் மாறாமல் இருப்பது மூக்குதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

நடவு, களை, உளுந்து பிடுங்குவது என்று வருஷம் முழுக்க வயலில் நிற்கிற உடம்பு. புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். கார்டு நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, அவர் முகம் பாதி இந்தப்பக்கம் பாதி அந்தப்பக்கம் என்று இருந்தது.

"லேமினேட் பண்ணிடலாமாம்மா? கெட்டியா இருக்கும்" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரக் கேட்டுட்டு சொல்றேன் சார்."

இதற்குக்கூடவா என்று நினைத்துக்கொண்டேன். போகப் போகத்தான் தெரிந்தது, எதற்கும் அந்த அம்மாவிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தவணைக்கு மிக்சி விற்க வருகிறவரிடம், வூட்டுக்காரரக் கேக்கணும். இன்சூரன்ஸ் போடச் சொன்ன ஏஜென்டிடம், வூட்டுக்காரரக் கேக்கணும். திருவிழா வசூலுக்கு நோட்டோடு வந்தவர்களிடம், அக்கா ஒரு குழுக்கடனுக்கு உன் பேரைக் கொடு என்று கேட்ட சொந்தக்காரியிடம், எல்லோரிடமும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, அதே வாக்கியம். மிக்சிக்காரர் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தம்மா வூட்டுக்காரரு பயங்கரமான ஆளு போலருக்கு சார். பாவம், ஒரு மிக்சிக்குக் கூட பயந்து சாவுது."

நானும் அப்படித்தான் நம்பினேன். மீசையும் கம்புமாக ஒரு ஆளை மனசுக்குள் வரைந்தும் வைத்திருந்தேன். கம்பு மட்டும் சரியாக இருந்தது. அவர் வாத்து மேய்க்கிறவர். வாத்துகள் அவருடையவை அல்ல, யாரோ ஒரு முதலாளியுடையவை. அறுவடை முடிந்த வயல்களில் பட்டியை ஓட்டிக்கொண்டு லால்பேட்டை, கொள்ளிடக் கரை என்று போய்விடுவார். வரப்பில் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொள்வார். சொந்தமாகப் போன் கிடையாது. அதனால் தை மாதம் கேட்ட கேள்விக்குச் சித்திரையில்தான் பதில் வரும். அதற்குள் மிக்சிக்காரர் கிரைண்டர் விற்கப் போயிருப்பார்.

ஒருநாள் அந்தப் பயங்கரமான ஆள் என் கடைக்கே வந்தார். குட்டையாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு மனிதர். யாருடைய வீட்டுக்காரர் என்று சொன்னதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"அண்ணே, ஒங்களக் கேக்காம வூட்ல ஒண்ணும் நடக்காதாமே?"

"என்னையாங்க?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. "பீடிக்கே அதுங்கிட்டதாங்க காசு கேக்கணும்."

"லேமினேட் பண்ணட்டுமான்னு கேட்டாங்களா?"

"அப்பிடின்னா என்னாங்க?"

எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. மேஜையில் விற்காமல் கிடந்த கீசெயின் ஒன்றைக் காட்டி, "இத வாங்கிக்கிங்களேன், பத்து ரூபாதான்" என்றேன். "சரிங்க" என்று வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் பூட்டே கிடையாது என்று பிறகு தெரிந்தது. யார் எதைச் சொன்னாலும் சரிங்க என்பதுதான் அவர் குணம். யாரோ ஒருவருடைய வாத்தை வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். கீசெயினை மேஜையில் வைத்தார்.

"இது வேணாமாம் சார். எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு."

"அம்மா, நேத்து வந்து வாங்குனதே அவருதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். அடங்கியதும் சொன்னார்:

"அவரு வேணாம்னு சொன்னாருன்னு சொன்னா யாரும் கோச்சிக்கறதில்ல சார். நான் வேணாம்னு சொன்னா, கூலிக்காரிக்குத் திமிரப் பாருன்னுவாங்க. அப்பறம் நாளைக்கி வேலைக்கி எந்த மொகத்தோட போயி நிக்கிறது?"

பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வயலில் கிடக்கிற ஒரு சாதுவான மனிதரை ஊர் முழுக்கப் பயந்து நடுங்குகிற புருஷனாக ஆக்கி வைத்திருந்த கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்துப்போனது. என் வீட்டில் நானும் இதைப் பயன்படுத்திப் பார்த்தேன். சீட்டுக்காரரிடம், "வீட்ல கேக்கணும்" என்றேன். "அதான் தெரியுமே" என்றார் அவர்.

அரசாங்கம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்த அம்மாவின் கணக்கிலும் பணம் ஏறியது. ஆயிரம் என்பது என் கடையின் டீச் செலவுக்கே போதாது. அதை வைத்து அவர் வீட்டில் என்ன மாறும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு மாதம் வந்தபோது கேட்டேன்: "என்னம்மா வாங்குனீங்க?"

"ஒண்ணும் வாங்கல சார். இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். வூட்ல காசு இருக்குதுன்னா தூக்கம் வேற மாரி வருது சார்."

பிறகு ஒரு தடவை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்தும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த பிள்ளை. சிதம்பரத்துக்குப் போய்க் கண்ணாடி வாங்கியிருந்தார்கள். சிவப்பு பிரேம்.

"கடைக்காரரு கறுப்பு எடுத்துக்கச் சொன்னாரு, வெல கம்மியாம். இது செவப்புதான் வேணும்னுச்சி. செவப்பே குடுங்கன்னுட்டேன்" என்றார். சொல்லும்போது ஏதோ பெரிய சண்டையில் ஜெயித்து வந்தவர் மாதிரி இருந்தார். வூட்டுக்காரர் பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை என்பதை நான் கவனித்தேன். மூக்கைத் தவிர எனக்கும் சிலது வேலை செய்கிறது.

இன்னொரு மாற்றத்தை நான் கவனிக்கவில்லை. என் மச்சானின் மனைவிதான் கவனித்தாள். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பக்கத்து ஊரில் நிலம், டிவிஎஸ், வெள்ளை வேட்டி எல்லாம் உள்ளவன். அந்த அம்மா வருஷக்கணக்காக வேலை செய்தது அவன் வயலில்தான். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வயலும் ரோடும் ஒன்றாகிவிடும். வேலை இருக்காது. அந்த நாட்களில் அந்த அம்மா மச்சான் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து நிற்பார். அரிசி கொடுப்பார்கள், கொஞ்சம் காசும் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக விடிகாலையில் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும். மழை நின்ற பிறகும் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது நிறுத்தலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இந்த மழைக்கி அவ வரவேயில்லண்ணா" என்று மச்சானின் மனைவி என்னிடம் சொன்னாள். "ஒடம்பு கிடம்பு சரியில்லயோ என்னமோ."

உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

மாசி மாதம் மச்சான் கடலூருக்குப் போய் ஒரு பழைய கார் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். அப்போதுதான் ஒரு சிக்கல் ஞாபகம் வந்தது. அந்த ஆயிரம் ரூபாய் அவன் மனைவிக்கும் வந்துகொண்டிருந்தது. வீட்டில் கார் இருந்தால் அது நின்றுவிடும். மச்சான் யோசித்து, ஒரு வழியோடு என் கடைக்கு வந்தான்.

"மாமா, காரு நம்ம வயலுக்கு வேலைக்கி வர்ற அந்தம்மா பேர்ல இருக்கட்டும். ஓட்டப்போறது நான்தான? பேருல என்னா இருக்கு?"

"அப்ப அந்தம்மா பணம் நின்னுடுமே மச்சான்?"

"அத மாசாமாசம் நான் குடுத்துட்டுப் போறேன்."

"அந்த ஆயிரத்த ஒன் பொண்டாட்டிக்கே குடுத்துட்டு, கார ஒன் பேர்லயே வச்சிக்கலாமே?"

மச்சான் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "இதனாலதான் மாமா ஒங்க ஜூஸ் கடை ஓடல."

பொண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டியதை ஒரு மாதம் கூடத் தள்ளிப்போட முடியாது, கூலிக்காரிக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளலாம் என்கிற கணக்கு எனக்குப் புரிய நேரமாகியது. என் மனைவி போன் செய்து, "தம்பி வந்தா கூடமாட செய்யிங்க" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நான் தைரியசாலி. பிரின்டரைத் திறந்து, மாட்டிக்கொள்ளாத பேப்பரை உள்ளே தேட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையில் மச்சான் அந்த அம்மாவைக் கடைக்கு வரவழைத்தான். அவரை உட்காரச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொல்லி, பேப்பர்களை மேஜையில் பரப்பி, "எங்கெங்க கையெழுத்து போடணும்னு மாமா காட்டுவாரு" என்றான்.

அந்த அம்மா தலையைச் சாய்த்தார். "எங்க வூட்டுக்காரரக் கேட்டுட்டு சொல்றேங்க ஐயா."

மச்சான் சிரித்தான். இதற்காகவே காத்திருந்த சிரிப்பு. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு லால்பேட்டைப் பக்கம் போய், வாத்துப் பட்டி இருக்கிற வயலைத் தேடிப் பிடித்து, பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறான். அங்கே கூட இருந்த ஆளின் நம்பரையும் வாங்கி வந்திருக்கிறான். போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை நடுவில் வைத்தான்.

முதலில் வாத்துகள் கத்தின. பிறகு அந்த மனிதரின் குரல்.

"சொல்லுங்க ஐயா."

"காலையில சொன்னேன்ல, காரு விஷயம். ஒன் வூட்டுக்காரம்மா ஒன்னக் கேக்கணுங்குது. சொல்லு."

"ஐயா சொன்னா சரிங்க. நான் என்னாங்க சொல்லப்போறேன்."

மச்சான் போனை அணைத்தான். "கேட்டியாம்மா? ஒன் வூட்டுக்காரரே சொல்லிட்டாரு. போடு கையெழுத்த."

இத்தனை வருஷமும் அந்த அம்மா யாருடைய முதுகுக்குப் பின்னால் நின்றாரோ, அந்த ஆள் சட்டென்று விலகிவிட்டார். கடையில் நாங்கள் மூன்று பேர்தான். மச்சானின் வயலில் இரண்டொரு வாரத்தில் உளுந்து பிடுங்கும் வேலை தொடங்கும். அது போனால் வைகாசி வரைக்கும் பெரிதாக ஒன்றும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மச்சானுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அம்மா பேனாவை எடுக்கவில்லை. அணைந்து கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அவரு சொல்லிட்டாருங்க ஐயா. நான் இன்னும் சொல்லல."

"என்னாது?"

"எம்பேர்ல வேணாங்க."

மச்சானுக்கு முதலில் கோபம் வரவில்லை. காதில் சரியாக விழவில்லையோ என்பது போல என்னைப் பார்த்தான். நான் பிரின்டரைப் பார்த்தேன்.

"மாசம் ஆயிரம் நான் குடுக்குறேங்கிறேன்ல? கவர்மெண்ட் குடுத்தா என்னா, நான் குடுத்தா என்னா? ரெண்டும் ரூவாதான?"

"குடுப்பீங்க ஐயா. இல்லன்னு சொல்லல. அத வாங்க நான் ஒங்க பின்வாசல்ல வந்து நிக்கணும். அம்மா வெளிய வர்ற வரைக்கும் நிக்கணும். இது எங்கயும் போயி நிக்காம வருதுங்க."

குரல் உயரவே இல்லை. ஜெராக்ஸ் எத்தனை காப்பி என்று சொல்கிற குரல்தான். மச்சான் பேப்பர்களை வாரிக்கொண்டு எழுந்தான். "இந்த வருஷம் உளுந்து புடுங்க யாரு வயலுக்குப் போறன்னு பாக்குறேன்" என்றான். என்னைப் பார்த்து, "நல்லா கடை வச்சிருக்கீங்க மாமா" என்றான். வண்டி கிளம்பிப் போனது.

அதன் பிறகுதான் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதி குடித்தார், பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"சார், ஐயா போயி எழுதிப் போட்டாருன்னா என் பணம் நின்னுடுமா?"

"நிக்காதும்மா."

"நெசமாவா?"

"நெசமா."

"ஒங்களுக்குத் தெரிஞ்சிதான் சொல்றீங்களா, ஆறுதலுக்குச் சொல்றீங்களா?"

அரசாங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஜூஸைப் பற்றித் தெரிந்த அளவுதான். ஆனாலும், "தெரிஞ்சிதான்" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே வீரச் செயல் அது.

அடுத்த பதினைந்தாம் தேதி, பணம் ஏறுகிற நாளில், நான் கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். பட்டன் போனைக் கையில் பொத்திப் பிடித்திருந்தார். ஒவ்வொரு தடவை அது சத்தம் போடும்போதும் என்னிடம் நீட்டுவார்.

"இதுவா சார்?"

"இது ரீசார்ஜ் பண்ணச் சொல்றாங்கம்மா."

"இது?"

"ஒங்களுக்கு லோன் குடுக்க ரெடியா இருக்காங்களாம்."

"வேணாம்னு சொல்லிடுங்க."

பத்து மணி தாண்டி, நான் யாருக்கோ காப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது மறுபடி சத்தம். நீட்டினார். படித்தேன். "வந்துடுச்சிம்மா."

போனை வாங்கி அவரே பார்த்தார். ஆங்கிலம் தெரியாது. "ஆயிரம்னு எங்க சார் போட்டுருக்கு?" என்றார். காட்டினேன். அந்த எண்ணின் பக்கத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரி சார், வேல கெடக்கு" என்று போய்விட்டார். எந்த வேலை என்று எனக்குத் தெரியாது. மச்சான் சொன்னபடியே செய்திருந்தான். அந்தப் பக்கத்து வயல்களிலெல்லாம் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தான்.

அந்தக் கோடை அவருக்கு லேசாக இல்லை. லால்பேட்டையைத் தாண்டி வேறு ஆட்களோடு வேலைக்குப் போனார், கிடைத்த நாளில். மகளின் சிவப்புக் கண்ணாடியில் காதில் மாட்டுகிற ஒரு பக்கக் கம்பி உடைந்து, அதே சிவப்பில் நூல் சுற்றியிருந்தது. ஆயிரம் ரூபாயில் அதற்கு மேல் எதையும் சுற்ற முடியாது. ஆனால் அந்த அம்மா எந்தப் பின்வாசலுக்கும் போகவில்லை. வீட்டுக்காரர் ஊருக்கு வந்திருந்தபோது, "ஏண்ணே சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "அது வேணாம்னு சொல்லிக்கும்னு தெரியும்ங்க" என்றார் சிரித்துக்கொண்டே. அவரும் ஒரு ஆள்தான் போலிருக்கிறது.

மச்சான் காரைத் தன் பெயரிலேயே வாங்கினான். அவன் மனைவிக்குப் பணம் நின்றது. அவள் சத்தம் போடவில்லை. மாதா மாதம் பதினைந்தாம் தேதி காலையில், அவன் சாப்பிட உட்காரும்போது எதிரில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாளாம். "ஒன் காருக்காக என் காசு போச்சி. எடு" என்கிறாளாம். அவளுக்கும் அதுதான் கணக்குச் சொல்லாமல் செலவு பண்ணுகிற ஒரே காசு என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கும் ஒரு கண்ணாடி வாங்க வேண்டும்.

புரட்டாசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் நடவு ஆரம்பித்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. மச்சான் வயலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவுப் பெண்கள் அந்த அம்மா கூப்பிட்டால்தான் வருவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒரு சாயங்காலம் அந்த அம்மா மகளின் சான்றிதழைக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, மச்சான் கார் வந்து கடை முன்னால் நின்றது. உள்ளே வந்தான். அவரைப் பார்க்காத மாதிரி என்னிடம் சொன்னான்:

"மாமா, நாளான்னிக்கி நம்ம வயலுல நடவு. ஆளுங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "வரேன்னு சொல்லுங்க சார். கூலி அன்னிக்கே சாயங்காலம் கையில வேணும்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவில் கை எட்டுகிற தூரம்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திரும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு பொறுப்பான பதவி கிடைத்திருந்தது.

"கேட்டுச்சி மாமா. அன்னிக்கே குடுக்குறேன்னு சொல்லுங்க."

"பதினோரு மணிக்கி டீயோட வடையும் வேணும்னு சொல்லுங்க சார். வெறும் டீ இல்ல."

மச்சான் போர்டில் இருந்த என் போட்டோவைப் பார்த்தான். வெளியே நின்ற காரைப் பார்த்தான். "எத்தினி வடைன்னு கேளுங்க மாமா" என்றான்.

நான் அந்த அம்மா பக்கம் திரும்பினேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. மாசி மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மச்சானை நேராகப் பார்த்தார்.

"ஆளுக்கு ரெண்டு ஐயா" என்றார். "ஆறிப்போனத எடுத்தாராதீங்க."